வேதபாடமும் மனையியலும்: நம் வகுப்பறை கற்பித்த குடும்பம், சமூகம், நலவாழ்வு

நூற்றாண்டு மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அதிபர்களைப் பற்றியும் கட்டடங்களைப் பற்றியும் விளையாட்டுப் போட்டிகளைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள் என்று சொன்னேன். வெற்றிக்கேடயங்களில் பொறிக்கப்படாத ஒன்றைப் பற்றியே எழுத விரும்பினேன். குடும்பம் என்றால் என்ன, அயலவர் யார், உடல்நலத்தைப் பேணுவது எப்படி என்று நம் பாடசாலை நமக்குச் சொல்லித்தந்த பாடமே அது.

நேரசூசியில் அப்படி ஒரு பாடம் இருக்கவில்லை. அது மூன்று இடங்களில் சிதறிக் கிடந்தது: காலையில் வேதபாடம், வாரத்தில் இரண்டு மூன்று வேளை மனையியல், இடையில் சுகாதாரம். ரூத்தையும் நகோமியையும் பற்றி வாசித்த அதே நாளில் நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சவும் குழந்தைச் சட்டைக்கு ஓரம் மடித்துத் தைக்கவும் பழகினோம். மூன்றும் ஒரே பாடத்தின் பகுதிகள் என்று அப்போது எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இன்று திரும்பிப் பார்க்கும்போது, இருநூறு ஆண்டு மிஷன் கல்வியின் நோக்கம் முழுவதும் அந்த மூன்று வேளைகளுக்குள் அடங்கியிருந்ததாகத் தெரிகிறது. அந்தப் பாடம் முதலில் நம் வீடுகளைத் திருத்துவதற்காக வந்தது. பின்னர், பல சமயத்துப் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்த காரணத்தால், வந்தவர்கள் நினையாத வேறொரு பாடமாக மாறியது. அந்த மாற்றத்தில் நாம் பெற்றதையும் இழந்ததையும் ஒளிக்காமல் பதிவுசெய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மிஷனரிமார் கொண்டுவந்த "கிறிஸ்தவ இல்லம்"

வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரிமார் 1814 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில் காலியில் வந்து இறங்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கிப் புறப்பட்ட தோமஸ் கோக் வழியிலேயே கப்பலில் காலமாகிவிட்டார். கிழக்குக்கு அனுப்பப்பட்ட வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பாடசாலைகளைத் தொடங்கி, ஓராண்டு நிறையும் முன்னரே அங்கு மரித்தார். அதன்பின் வந்த ஆண்டுகளில் திருகோணமலையும் அவர்களுடைய பணித்தளங்களில் ஒன்றாயிற்று. கத்தோலிக்கத் திருச்சபையோ போர்த்துக்கேயர் காலம் முதலே இக்கரையில் வேரூன்றியிருந்தது. 1893 இல் திருகோணமலை தனி மறைமாவட்டமாக்கப்பட்டு, பின்னர் இயேசு சபைக் குருமாரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெண்கல்விப் பணிக்கு அப்போஸ்தலிக்கக் கார்மேல் சபைச் சகோதரிகள் வந்து சேர்ந்தனர்.

பெண்பிள்ளைகளுக்கு என்ன கற்பிப்பது என்பதில் தமிழ்ப் பகுதிகள் எல்லாவற்றுக்கும் முன்மாதிரியாக இருந்தது யாழ்ப்பாணத்து உடுவில். அமெரிக்கன் மிஷனைச் சேர்ந்த ஹெரியட் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் அங்கு பெண்களுக்கான வதிவிடப் பாடசாலையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில்தான் ஆண்களுக்கான வட்டுக்கோட்டை செமினரி தொடங்கப்பட்டிருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோக்கம் விளங்கும். செமினரியில் படித்துக் கிறிஸ்தவர்களாகும் இளைஞர்களுக்குக் கிறிஸ்தவ மனைவியர் வேண்டும். அவர்கள் அமைக்கும் இல்லங்களே திருச்சபையின் அத்திவாரம் ஆகும் என்று மிஷனரிமார் கருதினர். அங்கு படித்து முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்ணுக்கு மிஷனே சீதனமும் கொடுத்தது. தாய் தகப்பன் நின்று செய்யவேண்டியதை மிஷன் நின்று செய்தது.

இதில் நன்மையும் இருந்தது, உறுத்தலும் இருந்தது. எழுத்தறிவு பெண்ணுக்கு எதற்கு என்று கேட்ட காலத்தில் எழுதவும் வாசிக்கவும் கணக்குப் பார்க்கவும் தெரிந்த பெண்கள் உருவானார்கள். 1840 இல் வந்து 1879 வரை உடுவில் பாடசாலையை நடத்திய எலைசா அக்னியூ அம்மையாரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் படித்தனர். ஆனால் அக்கால மிஷன் வழக்கப்படி, பிள்ளையின் செலவை ஏற்ற அமெரிக்கரின் பெயர் பல பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டது. நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்று நம் இலக்கிய வரலாற்றில் வரும் பெயர்கள் அந்த வழக்கத்தின் அடையாளங்களே. குடும்பத்தைப் பற்றிக் கற்பித்த இடமே, பிள்ளை தன் குடும்பத்திலிருந்து கொண்டுவந்த பெயருக்கு முன் இன்னொரு பெயரை வைத்தது. நம் பாட்டிமாரின் வீடு இருண்ட வீடு, அங்கு வெளிச்சம் வெளியிலிருந்துதான் வரவேண்டும் என்ற எண்ணம் அந்தப் பாடத்தின் அடியில் இருந்தது என்பதை இன்று மறைக்கவேண்டியதில்லை.

அயலவரின் பதில்

திருகோணமலையில் அந்த எண்ணம் வேறெங்கிலும் விடக் கூடுதலாகக் காயப்படுத்தியிருக்கும். சுவாமி மலையில் இருந்த கோணேசர் ஆலயத்தைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். பிற்காலத்தில் வந்த மெதடிஸ்தருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் கோட்டை வாசலைக் கடந்து கும்பிடப் போகும் ஒரு சைவத் தாய், தன் மகளை வேதபாடம் நடக்கும் பாடசாலைக்கு அனுப்பும்போது என்ன நினைத்திருப்பாள் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். படிப்பு வேண்டும்; பிள்ளை கைவிட்டுப் போய்விடவும் கூடாது. கல்விச் சட்டங்களில் பின்னர் சேர்க்கப்பட்ட மனச்சாட்சிப் பிரிவு, வேற்றுச் சமயப் போதனையிலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. ஆனால் ஒரேயொரு நல்ல பாடசாலை இருக்கும் ஊரில் அந்த உரிமையைக் கேட்டுப் பெறத் துணிந்த பெற்றோர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

பெற்றோர் தந்த உண்மையான பதில் வேறொன்று. தங்கள் பெண்பிள்ளைகளுக்குத் தாங்களே பாடசாலை அமைத்தார்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913 இல் மருதனார்மடத்தில் சைவப் பெண்களுக்கான கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊரில் 1923 இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய பெண்கள் பாடசாலையே இன்றைய ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. ஒரு பெண்மணி தன் ஊர்ப் பெண்களுக்காகச் செய்த அந்தப் பெருங்காரியத்தை நாம் போட்டியாகக் கொள்ளாமல் நம் வரலாற்றின் ஒரு பகுதியாகவே கொள்ளவேண்டும். குடும்பத்தை ஒரு பாடசாலை கற்பிக்கலாம் என்பதை அவர்கள் ஏற்றார்கள். எந்தக் குடும்பத்தை என்பதில்தான் வேறுபட்டார்கள். அந்த வேறுபாடு மிஷன் பாடசாலைகளுக்கும் பயன்பட்டது. சைவப் பிள்ளை வேறு போக்கிடம் இல்லாமல் வந்த காலம் போய், பெற்றோர் விரும்பி அனுப்பியதால் வரும் காலம் தொடங்கியது. விரும்பி வரும் பிள்ளையிடம் உன் வீடு இருண்டது என்று சொல்ல முடியாது.

கஞ்சியும் கொதித்தாறிய நீரும்

இதே காலத்தில் பாடத்தின் மையமும் மெல்ல நகர்ந்தது. ஆத்துமாவைப் பற்றிய பேச்சுக்கு அருகில் உடலைப் பற்றிய பேச்சும் வந்தது. இதற்குத் தமிழில் முன்னரே வழி திறந்தவர் மானிப்பாயில் பணிபுரிந்த டொக்டர் சாமுவேல் கிறீன். 1847 இல் வந்த அவர், உடற்கூறு, மகப்பேறு முதலிய மருத்துவ நூல்களைத் தமிழாக்கியதோடு தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். பெண் உடலைப் பற்றியும் பிரசவத்தைப் பற்றியும் தாய்மொழியில் வெட்கமின்றி எழுதலாம் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

அடுத்து நினைக்கவேண்டியவர் டொக்டர் மேரி இரத்தினம். கனடாவில் 1873 இல் பிறந்து மருத்துவம் படித்து 1896 இல் இலங்கைக்கு வந்தவர். தமிழ்க் கிறிஸ்தவரான எஸ்.சி.கே. இரத்தினத்தை மணந்தபடியால் அவருக்கு மிஷன் மருத்துவப் பணி கிடைக்காமற் போயிற்று. கிறிஸ்தவ இல்லத்தைப் பற்றி ஓயாமல் போதித்தவர்களுக்கு, வெள்ளைப் பெண்ணும் தமிழ் ஆணும் சேர்ந்து அமைத்த கிறிஸ்தவ இல்லத்தை ஏற்க முடியவில்லை. அவர் மனமுடைந்து திரும்பிப் போகவில்லை. கொழும்பிலே பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். பாடசாலைகளுக்காகச் சுகாதார நூலும் மனையியல் நூலும் எழுதினார். தமிழ் மகளிர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். பெண்களின் வாக்குரிமைக்காக வாதாடினார். 1930 இல் கிராமத்துப் பெண்களுக்காக லங்கா மகிளா சமிதியை நிறுவினார். 1958 இல் அவருக்கு மக்சேசே விருது வழங்கப்பட்டது. வீட்டைத் துப்புரவாக வைத்திருக்கப் பழகும் பெண், ஊரையும் நாட்டையும் பற்றிக் கேள்வி கேட்கப் பழகுவாள் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. 1931 இல் இந்நாட்டுப் பெண்கள் வாக்களித்தபோது, மனையியல் வகுப்பில் இருந்த பல பிள்ளைகளின் தாய்மாரும் அவர்களில் இருந்தார்கள்.

அரசும் அதே திசையில் நடந்தது. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. அந்த முறை பின் நாடெங்கும் பரவி, மருத்துவமாது வீடு தேடி வரத் தொடங்கினாள். 1930களில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2000 க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர். 1950 அளவில் அது ஏறக்குறைய 500 ஆகக் குறைந்தது. மலேரியா ஒழிப்பும் வைத்தியசாலைகளும் மருத்துவமாதரும் இதற்குக் காரணர். ஆனால் மருத்துவமாது சொன்னதை விளங்கிக்கொள்ளவும், கொடுத்த அட்டையை வாசிக்கவும் வீட்டில் ஒரு பெண் வேண்டும். 1946 குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டுப் பெண்களில் எழுத்தறிவுடையோர் 43.8 வீதம். அந்த வீதத்தை அவ்வளவுக்கு உயர்த்தியதில் எல்லாச் சமயத்தாரின் பெண்கள் பாடசாலைகளுக்கும் பங்குண்டு.

நம் சுகாதார வகுப்பில் சொல்லித்தந்தவை சின்னச் சின்னக் காரியங்கள்: தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடு, காய்ச்சல்காரரின் பாத்திரத்தைத் தனியாக வை, கிணற்றடியில் சேறு கட்டவிடாதே, பிள்ளைப்பெற்ற பெண்ணுக்கு வயிறாரச் சாப்பாடு கொடு. இவை கிறிஸ்தவக் கண்ணோட்டத்தில் கற்பிக்கப்பட்டன என்றால், உடல் ஆண்டவர் தந்தது, அதைப் பேணுவதும் பிறருடையதைப் பேணுவதும் வழிபாட்டின் ஒரு பகுதி என்று சேர்த்துச் சொல்லப்பட்டன என்பதே பொருள். சைவப் பிள்ளைக்கோ முஸ்லிம் பிள்ளைக்கோ அதில் அந்நியமாக எதுவும் இல்லை. அவர்கள் வீட்டிலும் அதையே வேறு சொற்களில் சொன்னார்கள்.

துறைமுகம் சேர்த்துவைத்த வகுப்பு

நம் ஊர் துறைமுகத்தால் ஆன ஊர். டொக்யார்டில் வேலை செய்தவர்களின் பிள்ளைகள், கச்சேரி உத்தியோகத்தரின் பிள்ளைகள், கடற்றொழிலாளரின் பிள்ளைகள், பறங்கியர், சிங்களவர், முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மாற்றலாகி வந்தவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கியபோது, பட்டணத்துச் சனங்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். முகம் தெரியாதவர் வீட்டுத் திண்ணையில் படுத்து எழும்பியவர்களுக்கு அயலவர் யார் என்ற கேள்விக்கு விடை வேறு புத்தகத்தில் தேடவேண்டியிருக்கவில்லை. 1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபின்னும் அந்தக் கலப்பு வகுப்பறையில் தங்கியது.

மனையியல் வகுப்பின் அடுப்படியில்தான் அது நன்றாகத் தெரிந்தது. வேதபாட வேளையில் சிலர் பேசாமல் இருப்பார்கள். அடுப்படியில் எல்லோருக்கும் சொல்ல ஏதாவது இருந்தது. நோன்புக் கஞ்சி எப்படி, பொங்கலுக்குப் பானை வைப்பது எப்படி, பறங்கியர் வீட்டில் நத்தாருக்கு என்ன செய்வார்கள் என்று ஒருத்தியின் வீட்டை இன்னொருத்தி அறிந்தாள். குடும்பம் என்ற பாடத்தைப் புத்தகத்தில் உள்ளபடி ஆசிரியை நடத்தினார். அதற்குள் வகுப்புப் பிள்ளைகள் தங்கள் குடும்பங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். பாடம் மாறியது இப்படித்தான். யாரும் தீர்மானம் நிறைவேற்றி மாற்றவில்லை.

நாலாகப் பிரிந்த வேளை

1960 ஆம், 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவி பெற்ற பாடசாலைகளில் பெரும்பாலானவை அரசின் கைக்குச் சென்றன. திருச்சபையினர் பலர் அதை இழப்பாகக் கண்டனர். மற்றச் சமயத்தாருக்கு அது நீதியாகப்பட்டது. இரண்டிலும் உண்மை உண்டு. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தையே படிக்கவேண்டும் என்ற இன்றைய முறை, சைவப் பிள்ளை வேதபாடத்தில் வாய்மூடி இருக்கவேண்டிய நிலையை நீக்கியது. அது சரியானதே, அதற்காகத் துக்கப்படத் தேவையில்லை.

ஆனால் சமயபாட மணி அடித்தவுடன் வகுப்பு நாலாகப் பிரிந்து நாலு அறைக்குப் போகிறது. சைவநெறி ஓர் இடம், இஸ்லாம் ஓர் இடம், கத்தோலிக்கம் ஓர் இடம், கிறிஸ்தவம் ஓர் இடம். நாலு அறையிலும் பெற்றோரைக் கனம்பண்ணவும் அயலவருக்கு உதவவும்தான் கற்பிக்கிறார்கள். ஒரு அறையில் சொன்னது அடுத்த அறைக்குக் கேட்பதில்லை. மனைப்பொருளியலும் இன்று விரும்பியவர் மட்டும் எடுக்கும் பாடமாகிவிட்டது. எங்களைச் சேர்த்துவைத்த அந்த அடுப்படி இல்லாமற் போனதை நான் இழப்பாகவே கருதுகிறேன்.

பாடம் சோதிக்கப்பட்ட காலம்

1983 முதல் 2009 வரை நம் மாவட்டம் பட்டதை இங்கே விரித்து எழுத இடமில்லை. எழுதாமலே நம் எல்லோருக்கும் தெரியும். எரிந்த வீடுகள், அகதி முகாமான வகுப்பறைகள், 2006 இல் மூதூரிலிருந்து வெளியேறி வந்த குடும்பங்கள். இடையில் 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. கிண்ணியா வைத்தியசாலை அழிந்தது. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், பாடசாலை என்று பாராமல் சனங்கள் ஏறினார்கள். பெரிய பானையில் சோறு வடிக்கவும், கைக்குழந்தைக்காரியைத் தனியாக இருத்தவும், தண்ணீரைக் கொதிக்கவைக்கவும் தெரிந்த பெண்கள் ஒவ்வொரு முகாமிலும் இருந்தார்கள். நல்ல சமாரியன் கதையை வாசித்தவர்களும் வாசிக்காதவர்களும் ஒரே வேலையைச் செய்தார்கள்.

அதே காலம் நம் பாடத்தின் குறைகளையும் காட்டிவிட்டது. நம் மனையியல் புத்தகத்துக் குடும்பத்தில் உழைக்கும் தகப்பன், சமைக்கும் தாய், இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். கணவனைப் பறிகொடுத்தவளுக்கும், காணாமற்போனவனைத் தேடி அலைபவளுக்கும், முகாமில் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிக்கும் அந்தப் படத்தில் இடமில்லை. சீதனத்தைப் பற்றியும் சாதியைப் பற்றியும் வீட்டுக்குள் விழும் அடியைப் பற்றியும் நாங்கள் வகுப்பில் பேசவில்லை. அடக்கமாக இரு என்பது அடங்கிப் போ என்று சில பிள்ளைகளின் காதில் விழுந்திருக்கும்.

ஆனால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் வேதபாடத்தில் படித்த ரூத்தின் வீட்டில் ஆண்கள் இல்லை. மூன்று ஆண்களைப் பறிகொடுத்த வீடு அது. வேற்று இனத்து மருமகள், வயதான மாமியாரை விட்டுப் போக மறுத்து, அந்நிய ஊரின் வயலில் கதிர் பொறுக்கி அவளுக்குச் சோறு போட்டாள். இடம்பெயர்ந்தவளின் கதை, விதவையின் கதை, பெண் தலைமை தாங்கிய குடும்பத்தின் கதை எல்லாம் அதற்குள் இருந்தது. மாமியாருக்குக் கீழ்ப்படி என்ற பாடமாக மட்டும் நாங்கள் அதைக் கேட்டுவிட்டோம். படிப்பித்தவர்களில் மட்டும் குற்றமில்லை. வேறு விதமாகக் கேட்க எங்களுக்கும் அப்போது தெரியவில்லை.

பழைய மாணவியருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புச் சகோதரிகளே, ரொறன்ரோவிலும் இலண்டனிலும் மெல்பேர்ணிலும் கொழும்பிலும் உப்புவெளியிலும் இருந்து இந்த மலரைப் புரட்டும் உங்களில் எவரிடமாவது பழைய மனையியல் கொப்பி இருக்கக்கூடும். தையல் மாதிரிகளை ஒட்டிய தாள்கள், சுகாதாரக் குறிப்புகள், வேதபாடப் பரீட்சையில் கிடைத்த சிறு பரிசுப் புத்தகம் எதுவானாலும் எறிந்துவிடாதீர்கள். சங்கத்துக்குப் படம் எடுத்தாவது அனுப்புங்கள். நம் ஊரின் பல வீடுகள் எரிந்தும் கடலோடு போயும் விட்டபடியால், கொப்பிகள் இருக்குமானால் பெரும்பாலும் வெளியேறிச் சென்றவர்களிடம்தான் இருக்கும்.

அவற்றோடு, உங்கள் பக்கத்தில் இருந்து படித்த வேற்றுச் சமயத்துத் தோழியின் வீட்டில் நீங்கள் அறிந்துகொண்ட ஒன்றையும் எழுதி அனுப்புங்கள். வேதபாடத்தில் பேசாமல் இருந்த தோழியர், அப்போது என்ன நினைத்தீர்கள் என்பதையும் தயங்காமல் எழுதுங்கள். உங்கள் மனத்தாங்கலும் இந்தப் பாடசாலையின் வரலாறே. இன்று நாலு அறையில் இருக்கும் பிள்ளைகளுக்கு, தங்கள் பாட்டிமார் ஒரே அடுப்படியில் நின்றார்கள் என்று காட்ட அந்தப் பக்கங்கள் உதவும்.